கழிவு கொட்டும் இடத்தை மூடுங்கள், தவிசாளர் ஐயா

மதிப்புக்குரிய தவிசாளர் ஐயாவுக்கும் பிரதேச சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தைக்குப் பின்னால் பற்றைக்குள் இறைச்சிக்கடைக் கழிவு கொட்டுவதும், அதைத் தின்று கொழுத்த நாய்கள் எங்கள் வளவுகளுக்குள் இறங்குவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. மாதர் சங்கம் 2 தடவை கடிதம் தந்துவிட்டது. நான் போன கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் சிவலைப் பேடு 11 முட்டையில் அடை கிடந்தது. 20ஆம் நாள் விடியப்புறம் 4 நாய்கள் கூட்டுக் கதவின் வலையைக் கடித்து இழுத்துப் பிரித்துவிட்டன. டோர்ச்சோடு நான் ஓடிப்போனபோது பேடும் வேறு 6 கோழிகளும் வேலிக்கரையில் கிடந்தன. தின்னக்கூட இல்லை, கடித்துப் போட்டிருந்தன. கடகத்துக்குள் முட்டைகள் அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்துக் காதில் வைத்தேன். உள்ளே கீச்சிட்டது. 21 நாளில் பொரிக்க வேண்டியவை, ஒரு நாள்தான் பாக்கி. வேறு அடைக்கோழி இல்லை. பிஸ்கட் பெட்டிக்குள் பழந்துணி விரித்து, மேலே ஒரு பல்பைக் கட்டி, நானும் மகளும் மாறி மாறிக் காவல் இருந்தோம். 3 பொரித்தது. ஒன்று மறுநாளே செத்தது.

நரி, மரநாய், கீரி, பருந்து எதுவும் எங்களுக்குப் புதிதல்ல. காட்டுக்கரையில் குடியிருக்கிறோம். பொழுதுபடமுன் அடைக்கிறோம். மரநாய் கையை விட்டு இழுக்கும் என்று அரை அங்குல வலை அடித்தோம். கீழால் தோண்டாமல் இருக்க வலையை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்தோம். குஞ்சுகளுக்கு மேலே பழைய மீன்வலை கட்டினோம். கூட்டமாக வந்து கதவையே பிய்க்கிற நாய்க்கு என்ன செய்ய?

கொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. தெருநாயைக் கொல்வதில்லை என்பது 2006இலிருந்து அரசின் கொள்கை என்று அலுவலகத்தில் எனக்கு வகுப்பே எடுத்தார்கள். சரி. அப்படியென்றால் கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியும் எங்கே? அதைச் செய்தாலும் அந்தக் கழிவு அங்கே கிடக்கும்வரை நாய் குறையாது. தீனி கிடைக்கிற இடத்தில் போட்ட குட்டியெல்லாம் பிழைக்கும். ஆகவே முதலில் அந்த இடத்தை மூடுங்கள்.

நாய்களைப் பதியச் சொல்லும் சட்டம் 1901இல் வந்தது. எங்கள் ஊரில் பதிந்த நாய் எது என்று கேட்டால் நாய்க்கே சிரிப்பு வரும். ஆனால் வாழ்வாதார உதவி என்று கோழிக்குஞ்சு கொடுக்கிற அன்று மட்டும் பந்தல், மாலை, படம் எல்லாம் இருக்கும். பெண் தலைமைக் குடும்பம் என்று எனக்கும் 10 குஞ்சு தந்தார்கள். சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றேன். அந்தக் குஞ்சுகளின் வழிவந்தவைதான் வேலிக்கரையில் கிடந்தவை. மகளின் ரியூசன் காசும் அந்த முட்டைகளில்தான் இருந்தது.

கதை எங்கேயோ போய்விட்டது, மன்னியுங்கள் ஐயா. அடுத்த அமர்வில் இதை எடுத்து, கடைக்காரர்கள் கழிவை ஆழக் குழிவெட்டிப் புதைக்க ஒரு இடம் ஒதுக்கித் தாருங்கள். சந்தைக்குப் பின்னால் உள்ளதை மூடுங்கள். மாரி தொடங்கமுன் செய்தால் நல்லது. மழை வந்தால் அதெல்லாம் வாய்க்காலோடு குளத்துக்குத்தான் இறங்கும்.

மிஞ்சிய 2 குஞ்சுகளும் இப்போது என் காலுக்குப் பின்னால் திரிகின்றன. இரவில் குசினிக்குள் அடைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்தில் கோழி வளர்க்கும் ஒரு தாய்