கார்டு பூஜ்யமாகும் நாள்

அன்புள்ள மலர்,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய கணக்கை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். இரண்டு கிரெடிட் கார்டிலும் சேர்த்து 2,50,000. ஆப்பில் வாங்கிய கடன் 40,000. பர்சனல் லோன் பாக்கி 2,20,000, இன்னும் 20 மாதம். போன் தவணை மாதம் 3,500, இன்னும் நாலு. எல்லாவற்றையும் ஒரே கடனாகச் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். எல்லாவற்றையும் வேண்டாம்மா. பாதியைத்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் கார்டு. மாதம் 3.5 சதவீதம் என்றால் 2,50,000-க்கு வட்டி 8,750. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,575. ஆக 10,325 வட்டிக்கே போகிறது. மினிமம் டியூ, அதாவது மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை என்று நீ கட்டும் 12,500-இல் அசலில் கழிவது 2,175 மட்டும். அதுவும் கார்டை நடுவில் தேய்க்காமல் இருந்தால்தான். பாக்கி நிற்கிற கார்டில் வட்டியில்லா நாட்கள் என்ற சலுகையே கிடையாது. நேற்று வாங்கிய 600 ரூபாய் மளிகைக்கும் நேற்றிலிருந்தே வட்டி ஓடும்.

இப்போது இதைப் பார். 3,00,000 பர்சனல் லோன், வருடத்துக்கு 14 சதவீதம், 36 மாதம்: மாதத் தவணை (இஎம்ஐ) 10,253. கார்டுக்கு வட்டியாக மட்டும் நீ கொட்டுகிற பணத்தில் இந்தக் கடன் அசலோடு மூன்று வருடத்தில் முடிந்துவிடும். அதனால் கார்டு இரண்டையும் ஆப் கடனையும் இதில் சேர்.

பழைய பர்சனல் லோனைத் தொடாதே. அது 16 சதவீதம்தான். முன்கூட்டி முடிக்க 4 சதவீதம் கேட்கிறார்கள்; 8,800, ஜிஎஸ்டி 1,584, மொத்தம் 10,384. அதை 14 சதவீதத்துக்கு மாற்றினால் 20 மாதத்தில் மிச்சமாவது சுமார் 4,150. பத்தைக் கொடுத்து நாலை வாங்குவானேன். போன் தவணையும் தானாகவே முடியட்டும்.

கேட்கப் போகும்போது சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிடம் முதலில் கேள். ஐந்தாறு ஆப்பில் ஒரே வாரத்தில் விண்ணப்பம் போடாதே. ஒவ்வொன்றும் உன் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகும், கடனுக்கு அலைகிற ஆள் என்று காட்டிக் கொடுக்கும். அதற்கு முன்னால் உன் சிபில் அறிக்கையை நீயே எடுத்துப் பார்த்துவிடு. வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம், நீயே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. எங்கோ அழுத்திவிட்டு மறந்த ‘பே லேட்டர்’ ஏதாவது இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

‘8 சதவீதம்தான்’ என்று யாராவது சொன்னால் ஃபிளாட்டா (கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி), குறையும் பாக்கிக்கா என்று கேள். 3,00,000-க்கு 8 சதவீதம் ஃபிளாட் என்றால் மூன்று வருட வட்டி 72,000, இஎம்ஐ 10,333. உன் 14 சதவீதத்தை விட அதிகம்! 2024 அக்டோபர் முதல் இந்த மாதிரி எல்லாக் கடனுக்கும் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்’ என்ற தாளைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். அதில் ஏபிஆர் என்று ஒரு எண் இருக்கும். செயலாக்கக் கட்டணம், கட்டாய இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்த வட்டி அது. ஒப்பிட வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

அடைக்க வேண்டியது 2,90,000, பிறகு ஏன் 3,00,000 என்கிறேன் தெரியுமா? செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் 6,000, ஜிஎஸ்டி 1,080. அதைக் கழித்துக்கொண்டுதான் கணக்கில் போடுவார்கள். கைக்கு வருவது 2,92,920. 2,90,000-மே கேட்டிருந்தால் ஏழாயிரம் குறைந்து, ஒரு கடன் வாலோடு நின்றிருக்கும். ‘லோன் புரொடெக்ட்’ என்று ஒரு இன்ஷூரன்ஸையும் நைஸாக நுழைப்பார்கள். வேண்டாம் என்று எழுத்தில் சொல்.

60 மாதம் எடுத்தால் இஎம்ஐ 6,980 தானே என்று தோன்றும். மூன்று வருடத்தில் வட்டி சுமார் 69,000. ஐந்து வருடத்தில் 1,18,800. ஐம்பதாயிரம் வித்தியாசம். 36-லேயே நில்.

நகையை வைக்கலாமா என்று அம்மா கேட்கிறாள். வங்கி நகைக்கடனில் வட்டி குறைவுதான். கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் மதிப்புப் போடுவார்கள். ஆனால் வழக்கமாக நடப்பது என்ன? வருடம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பது, அசல் அப்படியே கிடப்பது. மாதத் தவணை முறையில் தருகிறார்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம். சீட்டை ஆரம்பத்திலேயே தள்ளி எடுப்பதும் அப்படித்தான். விட்டுக்கொடுக்கிற தள்ளுபடிதான் வட்டி, பெயர்தான் வேறு.

பணம் வந்த அன்றே மூன்றையும் கட்டு. ஒரு வாரம் கணக்கில் கிடந்தால் அதற்கு ஆயிரம் வேலை வந்துவிடும். கட்டுமுன் கஸ்டமர் கேரிடம் ‘பாக்கி எவ்வளவு’ என்று கேட்காதே. ‘இன்றைய தேதிக்கு முழுசாக முடிக்க எவ்வளவு’ என்று கேள். இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஸ்டேட்மெண்ட் 18-ஆம் தேதி போட்டது, நீ அடுத்த மாதம் 5-ஆம் தேதி கட்டுகிறாய் என்று வை. இடையில் 18 நாள். ஒரு கார்டில் பாக்கி 1,80,000 என்றால் அந்த 18 நாள் வட்டி 3,780, ஜிஎஸ்டியோடு 4,460. ஸ்டேட்மெண்டில் இருந்த தொகையைக் கட்டிவிட்டோம், முடிந்தது என்று மெசேஜைக்கூடப் பார்க்க மாட்டோம். அடுத்த ஸ்டேட்மெண்டில் இந்த 4,460 வந்து நிற்கும், அதைக் கட்டாவிட்டால் தாமதக் கட்டணமும் சேரும். அதனால் ஸ்டேட்மெண்ட் வந்த ஓரிரு நாளுக்குள் பணம் வருகிற மாதிரி கடனை வாங்கு. இந்த வாலுக்காகச் சம்பளத்தில் ஆறாயிரம் தனியாக வைத்துக்கொள். இரண்டு ஸ்டேட்மெண்ட் பூஜ்யமாக வந்த பிறகுதான் நம்பு.

ஆப் கடனை முடித்ததும் நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கி, அவர்களுக்குக் கொடுத்த ஆட்டோ டெபிட் அனுமதியையும் வங்கியில் ரத்து செய். ஒன்றரை மாதம் கழித்து சிபிலில் ‘குளோஸ்ட்’ என்று இருக்கிறதா பார். ‘செட்டில்ட்’ என்று இருந்தால் விடாதே, எழுதிக் கேள். பாதிப் பணத்தில் முடித்துத் தருகிறோம் என்று போன் வந்தால், அவர்கள் சொல்வது இந்த ‘செட்டில்ட்’ தான். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது குறுக்கே நிற்கும்.

இனிதான் எனக்குக் கவலை. இந்த வேலையால் உன் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. ஆனால் கார்டைத் திறந்தால் 2,50,000 எடுத்துக்கொள் என்று காட்டும். ஆறு மாதத்தில் கார்டும் நிரம்பி, லோனும் ஓடுகிற வீடுகள் ஏராளம். எனவே புதிய கார்டை மூடு. மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உனக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பழைய கார்டு மட்டும் இருக்கட்டும், கடன் வரலாற்றின் வயதுக்காக; லிமிட்டை 30,000-க்கு இறக்கச் சொல். ரூபே கார்டை யுபிஐயில் இணைத்திருக்கிறாயே, அதை இன்றே பிரித்துவிடு. டீக்கும் கடன், பூவுக்கும் கடன் என்று ஆனது அதனால்தான். ஸ்விக்கி, அமேசானில் சேமித்த கார்டுகளையும் அழி. ஒவ்வொரு தடவையும் பதினாறு எண்ணை அடிக்க வேண்டியிருந்தால் பாதி ஆசை அங்கேயே அடங்கும்.

சம்பளம் 68,000. புதிய லோன், பழைய லோன், போன் என்று மூன்று இஎம்ஐயும் சேர்த்து 26,357. வாடகை, கரண்ட், நெட் 16,000. பஸ், பெட்ரோல், போன் 4,000. மிச்சம் 21,643. இதில் 3,000 அவசரத்துக்கு. இன்னொரு 3,000 மொய்க்கும் தீபாவளிக்கும். சிரிக்காதே, தையிலும் ஆவணியிலும் வரிசையாகக் கல்யாணம் வரும்போது கார்டு நீள்வது இந்தக் கணக்கு இல்லாததால்தான். மீதி சாப்பாடு, துணி, சினிமா எல்லாவற்றுக்கும். இதை மட்டும் வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றி, யுபிஐயை அந்தக் கணக்கில் மட்டும் வை. மாதத்துக்கு மொத்தமாகப் போடாதே, திங்கள்தோறும் 3,500. வியாழனன்று 400 தான் இருக்கிறது என்றால் வெள்ளிக்கிழமை ரசம் வைத்துக்கொள்.

இஎம்ஐ தேதியை 3 அல்லது 5 என்று கேட்டு வாங்கு. பவுன்ஸ் ஆனால் உன் வங்கியும் அபராதம் போடும், கடன் கொடுத்தவனும் போடுவான். போன் தவணை முடிந்ததும் அந்த 3,500-ஐத் தனியாகச் சேர்த்து வை, புதிய லோனின் அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்ட. 12 தவணைக்கு முன்னால் பகுதிப் பணம் ஏற்க மாட்டோம் என்பது பல இடங்களில் உண்டு. அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதும் அந்த ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்’ தாளில் இருக்கும்.

தாள் வந்ததும் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. ஏபிஆர் 16-க்கு மேலே இருந்தால் கையெழுத்துப் போடாமல் எனக்குப் போன் பண்ணு, ராத்திரி பதினொன்றானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா