வாரந்தோறும் வந்து நின்றவர்களுக்கு நன்றி

பெற்றோர்களுக்கும், பயிற்சியாளர்களுக்கும், வடசென்னையில் எங்கள் மைதானங்களைச் சுற்றி வாழும் அன்பர்களுக்கும் வணக்கம்.

பெண்களுக்கும் இளையோருக்குமான எங்கள் வட்டாரக் கால்பந்து லீக்கின் இந்தப் பருவ ஆட்டங்கள் அனைத்தும் நடந்து முடிந்துவிட்டன. பரிசளிப்பு மேடையில் எங்களால் பெயர் சொல்லி நன்றி கூற முடிந்தது சிலருக்கே. அழைத்தும் மேடையேறக் கூச்சப்பட்டவர்களும், அந்த நேரத்திலும் மைதானத்தின் மறுமுனையில் வலையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களைவிட அதிகம். அவர்களுக்காகவே இம்மடலை எழுதுகிறோம்.

நாக் அவுட் போட்டி என்றால் ஒரு வார இறுதியில் நடத்தி முடித்துவிடலாம். எட்டு அணிகள் வந்தால் மொத்தம் 7 ஆட்டங்கள். எட்டில் நான்கு அணிகள் முதல் ஆட்டத்திலேயே தோற்று ஊர் திரும்பிவிடும். அதே எட்டு அணிகள், ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதும் லீக் முறையில் ஒரு சுற்று ஆடினால் 28 ஆட்டங்கள், ஒவ்வோர் அணிக்கும் 7 ஆட்டங்கள் கிடைக்கின்றன. பூட்ஸ் அணியத் தொடங்கிச் சில மாதங்களே ஆன ஒரு சிறுமி முதல் வாரம் ஆறு கோல் வாங்கித் தோற்றாலும், அடுத்த வாரம் மீண்டும் களமிறங்க அவளுக்கு இடம் இருக்கிறது என்பதால்தான் நாங்கள் லீக் முறையைக் கைவிடாமல் வைத்திருக்கிறோம். ஆனால் அத்தனை முறையும் கோடு போட வேண்டும், நடுவர் வர வேண்டும், தண்ணீர் வர வேண்டும். ஒரு நாள் உற்சாகத்தில் செய்துவிடக்கூடிய உதவி அல்ல இது.

முதல் நன்றி, மைதானத்தை ஒட்டிய தெருவில் குடியிருக்கும் தாய்மார்களுக்கு. உடை மாற்றும் அறையோ, தாழிடக்கூடிய கழிப்பறையோ இல்லாத இடத்துக்கு எந்தத் தாயும் தன் மகளை மனமுவந்து அனுப்பமாட்டார். பல பெண்கள் பதினான்கு, பதினைந்து வயதில் ஆட்டத்தை விட்டு விலகுவதற்கு ஆர்வக் குறைவைவிட இதுவே பெரிய காரணம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். நீங்கள் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டில் மற்றவர்கள் உறங்கும் நேரத்தில், முன்பின் அறியாத பிள்ளைகள் சேற்றுக் காலோடு வந்து நின்றபோது ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. சானிட்டரி நாப்கின்களை ஒரு டப்பாவில் போட்டு, யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்த அக்காவுக்கு எங்கள் கோல்கீப்பர்கள் முதல் முன்கள வீராங்கனைகள் வரை எல்லோரும் கடன்பட்டிருக்கிறார்கள்.

அடுத்து, அதே மைதானத்தில் ஆண்டுக்கணக்காகக் கிரிக்கெட் ஆடிவரும் இளைஞர்களுக்கு நன்றி. ஒரே திடலில் ஐந்தாறு கிரிக்கெட் ஆட்டங்கள் ஒருசேர நடப்பது நம் சென்னையின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை 6 மணிப் பொழுது எவ்வளவு அருமையானது என்பதை அறிந்திருந்தும், அந்த நேரத்தைப் பெண்கள் ஆட்டத்துக்கு விட்டுக்கொடுத்து, நீங்கள் பிறகு வந்து ஆடினீர்கள். ஆண்கள் இளையோர் அணிகளின் பயிற்சியாளர்களும் அவ்வாறே தங்கள் ஆட்டங்களைப் பிற்பகலுக்குத் தள்ளிக்கொண்டார்கள்.

நடுவர்களுக்குத் தந்தது போக்குவரத்துச் செலவுக்கே போதாத தொகை என்பதை அறிவோம். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா நடுவர் பட்டியல் வரை சென்றதைச் சொல்லி, எங்கள் மூத்த வீராங்கனைகள் சிலருக்குக் கொடியைக் கொடுத்துத் துணை நடுவராக நிற்கப் பழக்கிய பெரியவர்களுக்குத் தனி வணக்கம்.

பெண்களுக்கு முழங்கால் தசைநார்க் காயம் ஆண்களைவிடக் கூடுதலாக ஏற்படுகிறது. இதைப் பயிற்சியாளர்களுக்குப் பொறுமையாக விளக்கி, காயத்தைத் தடுக்க உதவும், ஏறத்தாழ 20 நிமிடம் எடுக்கும் ஃபிஃபா 11+ என்ற உடல் தயார்ப்படுத்தும் பயிற்சியை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு செய்யவைத்த பிசியோதெரபி மாணவியர், ஐஸ் பெட்டியோடு எல்லைக்கோட்டருகே கடைசி விசில் வரை காத்திருந்தார்கள். வெயில் கடுமையான நாட்களில் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்கவைக்கச் சொன்னதும் அவர்களே.

13, 15, 17 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளுக்கான வயதுச் சான்றுகளில் உடனுக்குடன் கையெழுத்திட்ட தலைமை ஆசிரியர்களுக்கும், பந்தும் ஜெர்சியும் வாங்கித் தந்த கடைக்காரர்களுக்கும் நன்றி. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்க முடிவதால்தான், மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் அணிகள் தவறாமல் வந்து சேர்ந்தன. பந்துப் பைகளோடு ஏறிய பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கித் தந்த நடத்துநர்களை அவர்கள் அன்போடு நினைவுகூர்கிறார்கள்.

வியாசர்பாடியிலிருந்து இந்திய அணி வரை சென்ற நந்தகுமார் சேகரை எங்கள் சிறுவர்கள் அனைவரும் அறிவார்கள். சிறுமிகள் கடலூரின் இந்துமதி கதிரேசனைச் சொல்கிறார்கள். இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றியவர் அவர். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றது. பட்டம் வென்ற நாளில் கைதட்ட நாட்டில் ஆள் உண்டு. நம் தெருப் பிள்ளை ஒருத்தி அந்த அணிக்குத் தேர்வாகும் முன் ஆடவேண்டிய நூற்றுக்கணக்கான சிறு ஆட்டங்களுக்குத்தான் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் நீங்களாக இருந்தீர்கள்.

இரவுப் பணி முடித்து நேராக மைதானத்துக்கு வந்து, மகள் ஆடும் வரை உறங்காமல் உட்கார்ந்திருந்த தந்தையரை நாங்கள் கவனித்தோம். மாமியார் என்ன சொல்வாரோ என்ற தயக்கத்தோடு முதல் வாரம் வந்து, பிறகு பெண்கள் பிரிவில் முழுப் பருவமும் ஆடிய இளம் தாய்மார்களையும், அவர்கள் ஆடும்போது கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்ட கணவர்களையும் நன்றியோடு குறிப்பிட விரும்புகிறோம்.

பருவத்தின் வரவு செலவுக் கணக்கு மைதான அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது; நன்கொடை தந்த எவரும் ரசீதுகளைப் பார்க்கலாம். மீதமுள்ள பந்துகளும் வலைகளும் 13 வயதுக்குட்பட்டோர் அணிகளின் பயிற்சிக்கு வழங்கப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து திடல் காய்ந்ததும் அடுத்த பருவத்துக்கான அணிப் பதிவு தொடங்கும்.

மிக்க நன்றியுடன்,
லீக் அமைப்புக் குழுவினர்,
சென்னை.