வெள்ளை யானைக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் ஹவ்காங்கில் என் வீட்டிலேயே உயர்நிலை மாணவர்கள் சிலருக்குத் தமிழ்த் துணைப்பாடம் எடுக்கிறேன். போன வாரம் உயர்நிலை மூன்றில் படிக்கும் பையன் ஒருவன் மொழிபெயர்ப்பில் இப்படி எழுதியிருந்தான்: "அந்த விளையாட்டரங்கம் நகரத்துக்கு ஒரு வெள்ளை யானை ஆகிவிட்டது." அப்படியென்றால் என்னப்பா என்று கேட்டேன். "ரொம்பப் பெரிசா இருக்குன்னு அர்த்தம் டீச்சர்" என்றான். ஆங்கிலத்தில் "white elephant" என்ற வழக்கே அவனுக்குப் புரிந்திருக்கவில்லை. சொல்லுக்குச் சொல் தமிழில் போட்டுவிட்டதால், புரியவில்லை என்பதும் வெளியே தெரியாமல் போயிற்று.

சியாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், வெள்ளை யானை புனிதமானது. அதை வேலை வாங்கக் கூடாது. மன்னருக்கு ஒரு பிரபுவைப் பிடிக்காவிட்டால் அவருக்கு ஒரு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பாராம். விற்கவும் முடியாது, விரட்டவும் முடியாது. தீனி போட்டே அந்த மனிதர் ஓட்டாண்டி ஆகிவிடுவார். ஆங்கில வழக்குக்குப் பின்னால் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். பெரிசு, சிறிசு என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செலவு வைத்துக்கொண்டே இருக்கும், பிரயோசனம் இருக்காது, கைகழுவவும் முடியாது. அதுதான் பொருள்.

அவனுக்கு விளங்கட்டும் என்று பக்கத்தில் இருக்கும் புவாங்கோக் எம்ஆர்டி ரயில் நிலையத்தைப் பற்றிச் சொன்னேன். 2003 ஜூனில் வடகிழக்கு ரயில் பாதை திறந்தபோது அந்த நிலையம் கட்டி முடித்தும் பூட்டிக் கிடந்தது. சுற்றிலும் போதிய வீடுகள் இல்லை என்று காரணம் சொன்னார்கள். 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தபோது, அட்டையில் வெட்டிய வெள்ளை யானைகள் அங்கே வரிசையாக நின்றன. 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. பையன் அப்போது பிறக்கவே இல்லை.

அந்த அட்டை யானைச் செய்தியை அப்போது என் அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "வெள்ளை யானை நல்லதுதானே, அதுக்கு ஏன் இத்தனை களேபரம்?" என்று கேட்டார். அவருக்கு வெள்ளை யானை என்றால் இந்திரனின் ஐராவதம். சுந்தரர் கயிலாயத்துக்கு ஏறிப்போன யானை. சுந்தரரின் குருபூசை நாளான ஆடி சுவாதியன்று அம்மா தேவாரம் படிக்காமல் சாப்பிட மாட்டார். நான் விளக்கி முடித்ததும், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "யானையைக் கட்டித் தீனி போடுறதுன்னு சொல்லேன்" என்றார்.

எவ்வளவு சரியான பேச்சு! நம்மிடமே ஒரு யானை இருக்கும்போது எதற்கு இன்னொன்று?

எல்லா இடத்துக்கும் அது பொருந்திவிடாது என்பதும் உண்மைதான். புவாங்கோக் மக்களின் குறை தீனிச் செலவு பற்றியது இல்லை; கட்டியது சும்மா கிடக்கிறதே என்பதுதான். அந்த இடத்தில் "கட்டியும் பயனில்லாமல் கிடக்கிறது" என்று நேராகவே எழுதிவிடலாம். பையனின் விளையாட்டரங்கத்துக்கு அம்மாவின் யானை கச்சிதமாகப் பொருந்தியது. அடித்துவிட்டு, "அந்த அரங்கத்தை வைத்துக்கொள்வது யானையைக் கட்டித் தீனி போடுவதாகிவிட்டது" என்று அவனே மாற்றி எழுதினான்.

பிள்ளைகளுக்குச் செய்தித்தாளை வாசிக்கக் கொடுக்கும் ஆசிரியை என்ற முறையில் ஒரு வேண்டுகோள். ஆங்கிலச் செய்தியில் இப்படி ஒரு வழக்கு வந்தால், அதிலுள்ள விலங்கை அப்படியே தமிழுக்குள் ஓட்டிவராமல், நம் வீட்டில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஹவ்காங் வாசகி