டிராயிங்கின் வலது மூலை

போரூர், சென்னை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

போன வாரம் போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. "பொம்மைப்படம் வரைவதால் நாட்டுக்கு என்ன லாபம்னு சித்தப்பா கேட்டார்ப்பா, எனக்குப் பதில் சொல்லத் தெரியல" என்றாய். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்கமாட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. போனில் கோர்வையாகச் சொல்ல வராது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் நான் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அங்கே என்ன நடக்கும் என்று விவரமாகச் சொன்னதில்லை. முதலில் ஒரு டிராயிங் வரும். ஹெட்லைட்டைத் தாங்கும் பிராக்கெட் என்று வைத்துக்கொள். எத்தனை டிகிரி வளைவு, ஓட்டை எத்தனை மில்லிமீட்டர், எல்லாம் அதில் இருக்கும். வலது மூலையில் கீழே ஒரு கட்டம்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர், எத்தனையாவது திருத்தம். அந்தக் கட்டத்தில் நம் ஊர்க்காரர் பெயர் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஓட்டையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் டை, அதாவது தகட்டை வெட்டும் அச்சு, இன்னும் நாள்பட உழைக்கும் என்று அதைச் செய்யும் எங்கள் டூல்ரூம் ஆட்களுக்குத் தெரியும். எழுதிக் கேட்போம், பதில் வர மாதக்கணக்காகும். விலையைக் குறைக்கச் சொல்லி மட்டும் வருஷா வருஷம் மெயில் வந்துவிடும். அருமையான கைகள் அவை, கயல். அவர்கள் செய்த பார்ட்டைத் திருப்பி அனுப்பியது அபூர்வம். ஆனாலும் என்ன செய்வது, எப்படிச் செய்வது, என்ன விலைக்கு விற்பது என்று முடிவான பிறகுதான் எங்களிடம் வரும்.

இது எங்கள் கம்பெனி கதை மட்டும் இல்லை. 2010-ல் வந்த ஐபோன் 4-ன் விற்பனை விலையை அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்று பேர் பிரித்துப் பார்த்தார்கள். அதில் ஆப்பிளின் லாபம் 58.5 சதவீதம். சீனாவில் அதைப் பூட்டிச் சேர்த்த தொழிலாளர்களின் கூலி 1.8 சதவீதம். இன்றைக்கு புதிய ஐபோன்களை நம் ஸ்ரீபெரும்புதூரிலும் சேர்க்கிறார்கள். நம் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை செய்கிறார்கள், அது நல்ல விஷயம். தொழிற்சாலை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், நீ படித்ததே அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் கூலி குறைவு என்பதற்காக வரும் வேலை, இன்னும் குறைவான கூலி கிடைக்கும் ஊருக்குப் போய்விடலாம். வரைகிற ஆளை அப்படி லேசில் மாற்ற முடியாது.

கொரியாவைப் பார். 1994-ல் அந்த நாட்டு ஜனாதிபதியிடம் ஆலோசனைக் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. ஹாலிவுட்டின் ஒரு டைனோசர் படம் சம்பாதித்தது 15 லட்சம் ஹூண்டாய் கார்களை வெளிநாட்டில் விற்பதற்குச் சமம் என்று அதில் இருந்தது. கார் செய்து முன்னுக்கு வந்த நாடு அது. அதே ஹூண்டாய்தான் 1998-ல் நம் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தி தொடங்கியது. அவர்கள் காரையும் விடவில்லை, கதையையும் விடவில்லை. 1999-ல் கலாச்சாரத் தொழில்களுக்கென்றே சட்டம் போட்டார்கள், 2009-ல் தனி அமைப்பு வைத்தார்கள். இன்றைக்கு உன் அத்தை மகள் கொரியன் சீரியல் பார்த்துவிட்டு, அவர்கள் நூடுல்ஸையும் முகக் கிரீமையும் தேடி வாங்குகிறாள். கதை எழுதியவர்களும் படம் வரைந்தவர்களும் முன்னால் போக, கடைச்சரக்கு பின்னால் வருகிறது. சித்தப்பா கேட்ட லாபம் இதுதான்.

நம் ஊரிலும் உதாரணம் இருக்கிறது. என்ஃபீல்டு 1955-ல் மெட்ராஸுக்கு வந்தது. இங்கிலாந்தில் 1970-ல் கடையை மூடிவிட்டார்கள், திருவொற்றியூர் தொழிற்சாலை விடவில்லை. இன்றும் புல்லட் டேங்கில் அந்தக் கோட்டைக் கையால்தான் இழுக்கிறார்கள். பிரஷ்ஷில் பெயின்ட்டைத் தொட்டு, டேங்கின் வளைவோடு ஒரே இழுப்பு, நடுவில் நிறுத்தினால் திட்டுத் தெரியும். வேகத்திலும் மைலேஜிலும் அதை மிஞ்சும் வண்டிகள் எத்தனையோ உண்டு. ஜனங்கள் காசு கொடுப்பது அந்தத் தோற்றத்துக்கும் சத்தத்துக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 2018-ல் வந்தே பாரத் ரயிலை, முதலில் டிரெயின் 18 என்றார்களே, அதைப் பதினெட்டே மாதத்தில் வடிவமைத்துச் செய்து வெளியே விட்டார்கள். அந்த டிராயிங்கின் மூலையில் நம் ஆட்களின் பெயர் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெருமை வேறு எதுவும் இல்லை.

ஒரு கவலையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2013 பிப்ரவரியில், பாண்டிச்சேரியில் தொடங்கும் கதையான 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. கடலையும் புலியையும் கம்ப்யூட்டரில் உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனி அதற்குச் சில நாட்கள் முன்புதான் திவால் மனு கொடுத்திருந்தது. படம் உலகமெங்கும் ஓடியது, வரைந்தவர்கள் வேலை இழந்தார்கள். நாடு ஜெயித்து, வரைந்தவர் தோற்றால் அடுத்த தலைமுறை இந்தப் பக்கமே வராது. நம் நாட்டில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். சினிமாப் பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும், தியேட்டருக்கு வெளியே அந்தப் பாட்டு ஓடும்போது வரும் ராயல்டியில் தங்களுக்குரிய சம பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது. சம்பளத்துக்கு வரைகிற உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வேலையில் இருக்கும்போது கம்பெனிக்காக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்குத்தான்.

அதனால்தான் உன் சொந்தக் கதைக்கு அந்த மும்பை ஸ்டுடியோ ஒப்பந்தம் அனுப்புவதாகச் சொன்னாயே, அதில் அவசரப்படாதே. ஹைகோர்ட்டில் இருக்கும் நண்பரிடம் விசாரித்தேன். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம்தான், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஆகவே "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்" என்று எங்கே இருக்கிறது என்று முதலில் தேடு. இருந்தால் அதற்கு என்ன தருகிறார்கள் என்று கேள். பொம்மை, கேம், இரண்டாம் பாகம் இதற்கெல்லாம் தனித்தனியாகப் பங்கு கேள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்மா.

ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடாமல் எனக்கு வாட்ஸ்அப்பில் போடு, அவரிடம் காட்டிவிடுகிறேன். பொங்கலுக்கு டிக்கெட் இப்போதே போட்டுவிடு, அப்புறம் பெங்களூர் வண்டியில் இடம் கிடைக்காது. சித்தப்பாவும் வருகிறார். நீ பேச வேண்டாம், இந்த முறை நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா