38 மில்லிமீட்டர்: எங்கள் ஆஸ்டமி குழுவினருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கூட்டத்தில் எழுந்து நின்று நன்றி சொல்ல இரண்டு முறை முயன்றேன். முதல் முறை தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டாம் முறை நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து என் ஸ்டோமா முந்திக்கொண்டு பேசிவிட்டது. எல்லாரும் சிரித்த சிரிப்பில் சொல்ல வந்தது போயிற்று. அதனால் எழுதிவிடுகிறேன். உங்களுக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் இந்தச் சங்கதியை யாரும் நாலு பேர் பார்க்க எழுதாததால்தான் நான் ஐந்து வாரம் வீணாக வெந்துகொண்டிருந்தேன். அதனால் இது எல்லாரும் படிக்கட்டும்.

வெளியார் படித்தால் அவர்களுக்காக ஒரு பத்தி. எனக்குப் பல ஆண்டுகளாகப் பெருங்குடலில் புண். ஒரு நள்ளிரவில் குடல் ஓட்டை விழுந்து, அவசர அறுவையில் பெருங்குடலை எடுத்தார்கள். பிறகு மலக்குடலையும் எடுத்தார்கள். சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கத்தில் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். அந்த வாய்க்குப் பெயர் ஸ்டோமா. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வாய் என்றே பொருள். சிறுகுடலிலிருந்து வந்தால் இலியோஸ்டமி, பெருங்குடலிலிருந்து வந்தால் கொலோஸ்டமி, சிறுநீருக்கு வழி செய்தால் யூரோஸ்டமி. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் ஆஸ்டமி. மூன்றுக்கும் பொதுவானது, அடக்கிவைக்கத் தசை கிடையாது என்பது. அதனால் வயிற்றில் எந்நேரமும் ஒரு பை.

அறுவை செய்தவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் இல்லாவிட்டால் இந்த மடலும் இல்லை. குறை டிஸ்சார்ஜ் நாளில்தான். ஒருவர் வந்தார், பையைத் தோலோடு பிடித்துவைக்கும் ஒட்டும் தட்டில், ஸ்டோமா நுழைவதற்காக 38 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டம் வரைந்தார், வெட்டினார், ஒட்டினார். "இதே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள்" என்றார். நாலு நிமிடம். கையில் மூன்று பை. நான் நல்ல மாணவன், சொன்னதை அப்படியே செய்தேன்.

அடுத்த ஐந்து வாரம் எப்படிப் போயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் ஒட்டியது மதியம் கசியும். மதியம் ஒட்டியது சாயங்காலம் கசியும். ஸ்டோமாவைச் சுற்றித் தோல் உரிந்து, சிவந்து, நீர் வடிந்தது. ஈரத்தோலில் பசை ஒட்டாது, ஒட்டாததால் கசிவு, கசிவதால் இன்னும் புண். இரவில் நாற்காலியில் துண்டுகளை விரித்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். சாப்பிட்டால்தானே வரும் என்று சாப்பாட்டைக் குறைத்தேன். நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் "தைரியமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தைரியம் இருந்தது. அளவுதான் தெரியவில்லை.

முதல் நன்றி, மறுபரிசோதனைக்குப் போன அன்று வராந்தாவில் என் சட்டையில் ஈரத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு சீட்டில் தொலைபேசி எண்ணை எழுதிக் கையில் திணித்த செவிலியருக்கு. "இவர்கள் வீட்டுக்கே வருவார்கள்" என்று மட்டும் சொன்னார். சீட்டை நாலு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நோயாளிகள் கூடி அழும் இடம் என்று ஒரு நினைப்பு.

ஐந்தாம் நாள் அழைத்தேன். மறுநாள் காலை, நான் வாயில் எதுவும் போடுமுன், குழுவிலிருந்து கத்தரிக்கோல் அக்காவும் தபால்கார ஐயாவும் வாசலில் நின்றார்கள். வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னதே அக்காதான். அந்த நேரத்தில் இலியோஸ்டமி கொஞ்சம் அடங்கியிருக்கும், பையை மாற்றத் தோதான வேளை அதுதான் என்பது அன்று எனக்குத் தெரியாது.

அக்கா கையைக் கழுவினார். பழைய தட்டை, தோலை ஒரு கையால் அழுத்தியபடி மேலிருந்து கீழாக மெல்ல உரித்தார். புண்ணைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, "ஐயோ" என்றும் சொல்லவில்லை. ஸ்டோமாவை விரலால் தொட்டார். நான் பதறினேன். ஐந்து வாரத்தில் நான் ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை. "வலிக்காது. இதற்கு வலி நரம்பே கிடையாது. உதட்டின் உட்பக்கம் மாதிரி சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும், இருக்கிறது. துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயப்படாதீர்கள்" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியாக எப்போது அளந்தீர்கள்?"

"அளக்கச் சொல்லவில்லையே."

"நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

"பள்ளியில் கணக்கு ஆசிரியர்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஐயா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டம் வட்டமாகத் துளையிட்ட ஓர் அளவட்டையை அக்கா தன் கைப்பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். 28 சரியாக உட்கார்ந்தது.

அறுவை முடிந்த கையோடு ஸ்டோமா வீங்கியிருக்குமாம். ஆறு முதல் எட்டு வாரம் வரை சுருங்கிக்கொண்டே வருமாம். அதுவரை வாரம் ஒரு முறையாவது அளக்க வேண்டுமாம். என் ஸ்டோமா சுருங்கிவிட்டது, என் கத்தரிக்கோல் சுருங்கவில்லை. அவர்கள் போன பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 38 விட்ட வட்டத்தில் 28 விட்ட வட்டம் போக மீதி, சுற்றிலும் 5 மில்லிமீட்டர் அகல வளையம். பரப்பளவு ஐந்து சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். சிறுகுடலிலிருந்து வரும் நீரில் செரிமான நொதிகள் இருக்கின்றன. உணவு எது, தோல் எது என்று அவற்றுக்குப் பேதம் தெரியாது. ஐந்து வாரமாக அந்த ஐந்து சதுர சென்டிமீட்டரை என் குடலே செரித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்கு வட்ட வளையத்தின் பரப்பு சொல்லிக்கொடுத்தவன் நான்.

அக்கா வெறும் தண்ணீரால் கழுவினார். நான் வைத்திருந்த வாசனைச் சோப்பை எட்ட நகர்த்தினார், அதன் எண்ணெய்ப் பசையில் தட்டு வழுக்குமாம். ஒற்றி ஒற்றி உலர்த்தினார். புண்ணில் ஸ்டோமா பவுடரைத் தூவி, ஒட்டாத பவுடரைத் தட்டிவிட்டார். முனை வளைந்த சின்னக் கத்தரிக்கோலால் 30 மில்லிமீட்டருக்கு வெட்டி, வெட்டிய விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றி வழித்து மழுக்கினார். ஒட்டிய பிறகு என் உள்ளங்கையை எடுத்து அதன் மேல் வைத்து, "சூடு ஏறட்டும், அப்போதுதான் பசை பிடிக்கும்" என்றார். இரண்டு மூன்று நிமிடம் மூன்று பேரும் பேசாமல் இருந்தோம். அந்தத் தட்டு மூன்று நாள் நின்றது. அன்றிரவு கட்டிலில் படுத்துத் தூங்கினேன். அக்கா, இதற்கு என்னவென்று நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஐயாவுக்கு நான் பட்ட கடன் வேறு. தோல் ஆறிய பிறகும் தலை சுற்றுகிறது, கால் தசை பிடித்து இழுக்கிறது என்று தொலைபேசியில் சொன்னேன். நிறையத் தண்ணீர் குடிக்கிறேன் என்று பெருமையாகவும் சொன்னேன். ஐயா திட்டினார், மெய்யாகவே திட்டினார். பெருங்குடல் இல்லாதவனுக்குத் தண்ணீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்ச ஆள் இல்லை. வெறும் தண்ணீரை ஊற்ற ஊற்ற அது உப்பையும் இழுத்துக்கொண்டு பைக்குள் இறங்கும். "ஒரு நாளில் எவ்வளவு வருகிறது என்று அளந்தீர்களா?" என்றார். மறுபடியும் அளவு! அளந்தால் இரண்டு லிட்டரை நெருங்கியது. ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலே உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவரே அழைத்துக்கொண்டு போனார். ரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தது. நரம்பில் உப்புநீர் ஏற்றினார்கள். பிறகு உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த ஓ.ஆர்.எஸ்., வயிற்றோட்டத்தை மட்டுப்படுத்தும் மாத்திரை. இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார் மருத்துவர். ஐயா அதை என் முன்னால் இரண்டாவது முறை சொல்லச் சொன்னார்.

மருந்தாளராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையாருக்கும் ஒரு வரி. நான் விழுங்கிய மாத்திரை ஒன்று முழுசாகப் பையில் கிடந்ததை அவரிடம்தான் கூசாமல் சொல்ல முடிந்தது. மெல்லக் கரையும் வகை மாத்திரைகள் எங்களைப் போன்றவர்களுக்குக் கரையாமலே போய்விடுவது உண்டாம். "நீங்களாகப் பொடித்துவிடாதீர்கள், மருத்துவரிடம் வேறு வகை கேளுங்கள்" என்றார். கேட்டேன், மாற்றிக்கொடுத்தார்.

தையல்காரத் தம்பி! திட்டமிட்ட அறுவை என்றால் முன்கூட்டியே உட்காரவைத்து, குனியவைத்து, மடிப்பும் பெல்ட்டும் படாத இடத்தில் குறியிடுவார்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. ஸ்டோமா சரியாகக் கால்சட்டையின் இடுப்புப் பட்டைக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டது. நீ ஆறு கால்சட்டைகளின் இடுப்பை உயர்த்தித் தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்தாய். உன் ஸ்டோமா இடப்பக்கம், என்னுடையது வலப்பக்கம் என்பதால் இருவரும் சேர்ந்து ஒரு சோடி என்று நீ செய்த வேடிக்கைக்காக உன்னை மன்னித்துவிட்டேன்.

கூட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் குரலைத் தாழ்த்துவதே இல்லை. காற்று நிரம்பிப் பை பலூன் போல் உப்புவது, மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலிசெய்வது, பயணத்தில் மாற்றுப் பைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் வானிலையைப் பேசுவது போலப் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. மலக்குடலே இல்லை, ஆனால் சில நாள் காலையில் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று அவசரமாகத் தோன்றும். புத்தி பேதலிக்கிறதோ என்று பயந்து மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டாவது கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் அதையே, யாரும் கேட்காமலே, தன் கதையாகச் சொன்னார். ஐந்து தலைகள் ஆடின. வெட்டிய காலில் அரிப்பது போன்றது, நரம்பின் பழைய ஞாபகம் என்றார்கள். அந்த ஐந்து தலையாட்டல்களுக்கு நன்றி.

எல்லாவற்றையும் குணமாக்கும் சூரணத்துடன் ஒருவர் வந்தபோது தலைவர் மரியாதையாக வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததற்கும் நன்றி.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, உலக ஆஸ்டமி நாளில், ஐயா சொன்ன பழங்கதைகள் இப்போது என் நோட்டில் இருக்கின்றன. 1951ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் நம்மைப் போன்றவர்கள் கூடி, தாங்கள் கிடந்த க்யூ (Q), டி (T) என்ற இரண்டு வார்டுகளின் எழுத்துகளையே குழுவின் பெயராக வைத்துக்கொண்டார்கள். கிளீவ்லண்டில் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர், தானே இலியோஸ்டமியோடு வாழ்ந்த நார்மா கில் என்ற பெண்மணியை 1958இல் மற்ற நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க வேலைக்கு வைத்தார். கத்தரிக்கோல் அக்காவின் வேலைக்கு அவர்தான் முன்னோடி. டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற செவிலியர், கசிவுக்குப் பயந்து வெளியே போகாமல் முடங்கிய தன் சகோதரி தோராவுக்காக 1954இல் ஒட்டிக்கொள்ளும் பையை யோசித்தார். பிளாஸ்டிக் தொழிற்சாலை முதலாளி ஒருவரின் மனைவி, அவரும் செவிலியர் பயிற்சி பெற்றவர், வற்புறுத்தியதால்தான் அது பொருளாகக் கைக்கு வந்தது என்று ஐயா சொன்னபோது, பெண்கள் பக்கம் கைதட்டல் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

பெண்கள் என்றதும் நினைவு வருகிறது. ஐயாவின் வீட்டம்மா ஒரு நாள் வந்து என் மனைவியோடு சமையலறையில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை இருவரும் சொல்லவில்லை. அன்றிரவு என் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பிவந்தாள். அம்மா, உங்களுக்கு என் நமஸ்காரம்.

பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள், தேர்வு நடக்கிறது, ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி, என் வயிறு ஒரு நீண்ட ராகம் இழுத்தது. முன்வரிசைப் பையன் நிமிர்ந்தான். முழங்கையால் ஸ்டோமாவை லேசாக அழுத்தினால் சத்தம் அமுங்கும், மன்னிப்புக் கேட்காமல் அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்திருந்தீர்கள். அழுத்தினேன். "ஏழாவது கேள்வியில் அலகு எழுத மறக்காதே" என்றேன். அவன் குனிந்து எழுதினான்.

கடைசியாக, உங்கள் அலமாரிக்கு. மேல்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பைகள் இருந்தன. ஒவ்வொரு கட்டின் மேலும் யாரோ அழகான கையெழுத்தில் அளவும் காலாவதித் தேதியும் எழுதி ஒட்டியிருந்தார்கள். உங்களிடம் வந்த முதல் இரண்டு மாதம் நான் அணிந்தது அவற்றைத்தான். கணவர் இறந்த பிறகு மீதிப் பைகளை ஒரு பெண்மணி கொண்டுவந்து வைத்துவிட்டு, உட்காரக்கூட இல்லாமல் போய்விட்டாராம். அவர் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: ஒன்றுகூட வீணாகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு வாத்தியார்
(தற்போதைய அளவு: 26)

பி.கு. அக்கா, நீங்கள் போன மாதம் தேடிய வளைந்த முனைக் கத்தரிக்கோல் என்னிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் எடுத்துவருகிறேன், கொடுக்க மனம் வராமல் திரும்ப எடுத்துப்போகிறேன். உங்களுக்குப் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.