பழைய காசுக் குத்தியள பற்றி நீ கேட்டதுக்கு

வெள்ளவத்தை, கொழும்பு 6

அன்பு மகளுக்கு,

சுகமா இருக்கிறியா, மருமகன், சின்னவன் எல்லாரும் சுகமோ? அங்க குளிர் தொடங்கியிருக்கும், அவனுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு விடு. இஞ்ச பின்னேரத்தில நல்ல மழை, அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் பரவாயில்லை.

ஆகஸ்ட்டில வந்து நிண்ட நேரம் அலுமாரி ஒதுக்கேக்க நீ ஒண்டு கேட்டனி, "அப்பா, இந்தப் பழைய சல்லியள வச்சு என்ன செய்யப் போறீங்க, இதில அப்பிடி என்ன சந்தோஷம்" எண்டு. நான் சிரிச்சுப்போட்டு விட்டிட்டன். ஆனா நீ நக்கலாக் கேக்கேல்ல, தெரிய வேணும் எண்டுதான் கேட்டனி, அதால அது மனசுக்க கிடந்துகொண்டே இருக்கு. ஃபோனில சொல்ல வராது, எழுதிறன்.

எனக்கு இது தொடங்கினது ஒரு பத்து வயசில. அப்பப்பா சம்பளம் எடுத்த அண்டு பின்னேரம் சேர்ட் பொக்கற்றில இருக்கிற சில்லறைய மேசையில கொட்டுவார், நானும் பெரியப்பாவும் எண்ணி அடுக்க வேணும். 1963ல வந்த அலுமினியம் 1 சதம், 2 சதம் எல்லாம் ஊதினாப் பறக்கும் போல லேசா இருக்கும், அதுக்குள்ள இடைக்கிட ஒரு பழைய ராசா தலைச் சதம் வரும், பின்பக்கம் பனை மாதிரி ஒரு மரம், மரத்துக்கு அங்கால இங்கால சிங்களத்திலயும் தமிழிலயும் எழுத்து. நான் அத யாழ்ப்பாணத்துப் பனை எண்டே கன காலம் நினைச்சுக்கொண்டிருந்தனான், பிறகுதான் அது தாளிப்பனை எண்டு ஒருத்தர் சொன்னவர். அப்பப்பா சொல்லுவார் "பழசக் கண்டா எடுத்து வை, இனி வராது" எண்டு. அந்த "இனி வராது"தான் என்னப் பிடிச்சது எண்டு இப்ப விளங்குது.

நீ அடுத்த முறை வரேக்க ரெண்டு குத்திய உன்ர கையில வச்சுக் காட்டிறன். ஒரு கையில 1937ம் ஆண்டு 1 சதம், மற்றக் கையில 1942ம் ஆண்டு 1 சதம். அதே ஆறாம் ஜோர்ஜ் ராசா, அதே மரம், அகலமும் அதேதான், ஆனா கண்ண மூடிக்கொண்டு பிடிச்சாலே வித்தியாசம் தெரியும், 42ம் ஆண்டுக் குத்தி பாதிப் பாரம்தான். யுத்த காலம், உலோகம் தட்டுப்பாடு, அதால மெல்லிசா அடிச்சவை. அதே வருஷம் சில்லறை காணாம 5 சத நோட்டே அடிச்சவை, நடுவால கிழிச்சா ஒரு பக்கம் 2 சதம் மற்றப் பக்கம் 3 சதம்! 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அண்டு யப்பான்காரன் கொழும்பில குண்டு போட்டவன், அப்பப்பா அப்ப பத்தொன்பது வயசுப் பெடியன், கிளார்க் வேலைக்கு வந்து ரெண்டு மாசம். சனம் மூட்டை முடிச்சோட ஊருக்கு ஓடின கதைய எத்தின தரம் சொல்லியிருப்பார், உனக்குந்தான் சொன்னவர். அந்தக் கதைய நான் காதாலதான் கேட்டனான், ஆனா அந்த வருஷத்தில கொழும்பில ஆரோ ஒருத்தற்ற மடியில இருந்த சதம் இப்ப என்ர விரலுக்கிடையில இருக்கு, ராசான்ர காது தேஞ்சு போய் இருக்கு, அது எத்தினை பேர் தொட்டுத் தொட்டுத் தேஞ்சது சொல்லு பாப்பம். ராசாக்களின்ர சிம்மாசனத்தக் கண்ணாடிக்கு அங்கால நிண்டுதான் பாக்கலாம், ஆனா இது மீன் வாங்கினவை, பீடி வாங்கினவை, கோயில் உண்டியலில போட்டவை எல்லாரும் பிடிச்ச சாமான், நானும் பிடிச்சுப் பாக்கலாம். எனக்கு இதுதான் பெரிய சந்தோஷம் மகள்.

தேடுற சந்தோஷம் வேற. மத்திய வங்கி 25 மாவட்டத்துக்கும் ஒவ்வொண்டா 10 ரூபாக் குத்தி அடிச்சது தெரியும்தானே, 2013 எண்டு ஆண்டு போட்டிருக்கும். காசு குடுத்துச் செட்டா வாங்கலாம், ஆனா நான் வாங்கேல்ல, சில்லறையிலதான் எடுக்கிறது எண்டு இருந்தன். இருபத்தினாலு சேந்திட்டுது, முல்லைத்தீவு மட்டும் ரெண்டு வருஷமா இல்லை. ஒருநாள் 100ம் நம்பர் பஸ்ஸில பம்பலப்பிட்டியால வரேக்க கொண்டக்டர் தந்த மிச்சக் காசில அது வந்திது பார், நான் இறங்கிற இடத்த விட்டிட்டு தெகிவளை மட்டும் போயிட்டன். அல்பத்தில அந்த ஓட்டைய அடைச்ச அண்டு எனக்கு நித்திரையே வரேல்ல.

சிலபேர் விலைக்காகத்தான் சேக்கிறவை, அது பிழையில்லை. நீ ஃபோனில தட்டிப் பாத்து "இது சும்மா இருநூறு ரூபாதானே" எண்டு சொன்னனி, சரிதான், என்னட்ட இருக்கிறதில முக்கால்வாசி அப்பிடித்தான். 1957ல புத்த ஜெயந்திக்கு அடிச்ச 5 ரூபா மட்டும் வெள்ளி, அது நீலப் பெட்டியில இருக்கு, பிறகு ஒருகாலம் ஒதுக்கேக்க தெரியாம ஆருக்கும் குடுத்திடாத.

இனி அந்தக் கட்டிய பற்றி. பஞ்சுக்குள்ள சுத்தி மலிபன் பிஸ்கட் டின்னுக்க வச்சிருந்தன், நீ "இதென்னப்பா கல்லா" எண்டு கேட்டனி. நான் கதைய மாத்தினனான். 83 ஜூலைக் கலவரத்தில வீடு எரிஞ்சது உனக்குத் தெரியும், நீ பிறக்கிறதுக்கு மூண்டு வருஷம் முதல். நாங்கள் முகாமில இருந்து கப்பலில காங்கேசன்துறைக்குப் போய், நாலு மாசம் கழிச்சு நானும் அப்பப்பாவும் திரும்பி வந்து பாத்தனாங்கள். கூரை இல்லை. அல்பம் இருந்த அறை முழுக்கச் சாம்பலும் ஓட்டுத் துண்டும். அப்பப்பா ஒரு தடியால கிண்டிக்கொண்டிருந்தவர், ஒண்டக் குனிஞ்சு எடுத்து வேட்டித் தலைப்பால துடைச்சு என்ர கையில வச்சவர். அலுமினியம் 1 சதம், 2 சதம் எல்லாம் உருகி ஓடி, உருகாத செப்புச் சதங்களச் சுத்தி இறுகிப் போய்க் கிடந்திது. செம்பு உருக அலுமினியத்த விடக் கன சூடு வேணும், அதால அது தப்பிட்டுது. உத்துப் பாத்தா ஒரு பக்கத்தில மரம் தெரியும், மரத்துக்குப் பக்கத்தில தமிழ் எழுத்தும் கறுத்துப்போய்த் தெரியும். அவர் ஒண்டும் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல. அண்டைக்குப் பின்னேரமே ஒரு தேத்தண்ணிக் கடையில மிச்சக் காசுக்குள்ள ஒரு பழைய சதம் வந்திது, அவர் அதப் பிரட்டிப் பாத்திட்டு என்ர பக்கம் தள்ளி விட்டவர். திரும்பச் சேக்கத் தொடங்கினது அப்பிடித்தான். பெட்டாவில பழைய காசு விக்கிற ஒருத்தருக்கு அந்தக் கட்டியக் காட்டினன், பெறுமதி இல்லை எண்டார். எனக்கு அது எல்லாத்தையும் விடப் பெரிசு.

நீ சொப்பிங் போன அண்டு சின்னவனக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனன், சதாம் வீதியில இருக்கிற மத்திய வங்கி மியூசியத்துக்கு. கொக்கி மாதிரி வளைச்ச வெள்ளிக் கம்பியும் ஒரு காலத்தில இஞ்ச காசுதான், லாரின் எண்டு பேர் எண்டு சொன்னன், "அம்மப்பா, பேர்ஸக் கிழிச்சுப்போடாதா" எண்டு கேட்டவன். யாழ்ப்பாண ராசாக்கள் நந்தியும் "சேது" எண்டு தமிழ் எழுத்தும் போட்டு அடிச்ச காசப் பற்றியும் சொன்னன், அத எழுத்துக் கூட்டி வாசிக்கவெண்டே தமிழ் படிக்கிறன் எண்டான், நீ சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பப் படுற பாடு எனக்குத் தெரியும். நாங்கள் சொல்லுற துட்டு ஒல்லாந்தற்ற டொயிட் எண்ட சின்னக் காசில இருந்து வந்தது, இங்கிலிஷ்காரன் இந்தப் பக்கத்துச் சின்னக் குத்தியளக் காஷ் எண்டு சொன்னது எங்கட காசில இருந்து வந்தது, இதையும் அவனுக்குச் சொல்லு.

மேல் வீட்டுப் பிள்ளை 18ந் தேதி ரொறொன்ரோ வாறா, அவவிட்ட அவனுக்கு ஒரு சின்னப் பை குடுத்து விடுறன், பத்துக் குத்தி இருக்கு. விளிம்பிலதான் பிடிக்கச் சொல்லு. முக்கியமாக் கழுவ விடாத. நான் பன்னிரண்டு வயசில 1901ம் ஆண்டு விக்டோரியா ராணிச் சதம் ஒண்டப் புளி போட்டுத் தேச்சுப் பளபளக்க வச்சனான், அதோட அந்தப் பழைய தோல் போயிட்டுது, திரும்ப வராது, இப்பவும் அத நினைச்சா மனம் நோகும். இஞ்ச கடல் காத்துக்குக் களிம்பு பிடிக்குது, மருந்துப் போத்திலுக்க வாற அந்தச் சின்ன ஈரம் உறிஞ்சிற பைக்கற்றத்தான் டின்னுக்க போட்டு வைக்கிறன், உன்னட்ட இருந்தா எறியாமச் சேத்து வை.

இன்னொண்டு. கனடாவில 2013ல இருந்து பென்னி குடுக்கிறத நிப்பாட்டிட்டாங்கள்தானே, ஆனா ஆக்களின்ர வீட்டில போத்தில் போத்திலா இன்னும் கிடக்குமாம். மருமகனிட்டச் சொல்லி அவற்ற வேலை இடத்தில விசாரிக்கச் சொல்லு. 1942ம் ஆண்டுப் பென்னி ஒண்டு வேணும், அதிலயும் அதே ஆறாம் ஜோர்ஜ் தலைதான். என்ர மெல்லிசுச் சதத்துக்குப் பக்கத்தில ஒரு ஓட்டை விட்டு வச்சிருக்கிறன். சின்னவனையே தேடச் சொல்லு, கிடைச்சா அவனே கொண்டு வந்து வைக்கட்டும்.

அன்புடன்
அப்பா