2024–25 ஆண்டறிக்கை: நம் இணையதளங்களில் குழந்தைகளின் பாதுகாப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பவானி முதல் தாராபுரம் வரை பல ஊர்களிலிருந்தும் இந்தப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் இணையதள நடத்துநர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் இந்த அறிக்கையில் சந்தா, பயிற்சி வகுப்புகள், சர்வர் வாடகை ஆகியவற்றை வரிசையாகச் சொல்வது வழக்கம். இவ்வாண்டு அவற்றைப் பொருளாளரின் அறிக்கைக்கு விட்டுவிட்டு, நம் சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட ஒரே பொருளைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச அனுமதி வேண்டுகிறேன். நம் தளங்களில் இடம்பெறும் குழந்தைகளையும், அவற்றுக்கு வந்து போகும் குழந்தைகளையும் நாம் எவ்வாறு காப்பது என்பதே அந்தப் பொருள்.

நம்மில் பெரும்பாலோர் நடத்துபவை சிறு தளங்கள். ஊர்ச் செய்தி, டியூஷன் சென்டர், மெட்ரிக் பள்ளி, சிலம்பப் பயிற்சிக் கூடம், போட்டோ ஸ்டுடியோ, கோயில் திருவிழா என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கிறது. குழந்தைப் பாதுகாப்பு என்பது பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் என்றே நாம் இதுவரை இருந்துவிட்டோம். அந்த எண்ணத்தை என்னளவில் மாற்றியது என் சொந்தத் தளத்தில் நான் செய்த தவறு.

சிலம்பப் போட்டியொன்றில் வென்ற பிள்ளைகளின் படங்களை என் ஊர்ச் செய்தித் தளத்தில் பெருமையோடு வெளியிட்டிருந்தேன். ஒவ்வொரு படத்தின் கீழும் பிள்ளையின் முழுப்பெயர், தந்தை பெயர், ஊர், பள்ளி, வகுப்பு ஆகியவற்றோடு, பயிற்சி நடக்கும் இடமும் ‘செவ்வாய், வெள்ளி மாலை ஆறு மணி’ என்ற குறிப்பும்கூட இருந்தன. பயிற்சிக் கூடத்தார் அனுப்பியதை அப்படியே ஏற்றியிருந்தேன். சில வாரங்கள் கழித்து ஒரு தாய் என் கடைக்கு வந்து, யாரென்றே தெரியாத ஒருவர் தம் மகளுக்கு இன்ஸ்டாகிராமில் அனுப்பிய செய்திகளைக் கைப்பேசியில் காட்டினார். முதல் செய்தியில் பாராட்டு இருந்தது. இரண்டாவதில் தந்தையின் பெயரைச் சொல்லித் தெரிந்தவர்போல் ஓர் அறிமுகம் இருந்தது. மூன்றாவதில், வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்ற கேள்வி இருந்தது. அந்தப் பிள்ளை பதில் எதுவும் அனுப்பாமல் தாயிடம் காட்டியிருக்கிறது. “ஏனுங்க, எம்புள்ள எந்த நாளு, எத்தன மணிக்கு, எங்க இருக்கும்னு நீங்களே ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டீங்களே” என்று அந்தத் தாய் கேட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்றிரவே பக்கத்தை நீக்கினேன். ஆயினும் தேடுபொறியில் அந்தப் பிள்ளையின் பெயரும் குறிப்பின் முதல் இரண்டு வரிகளும் மேலும் சில நாட்கள் நின்றன. தளம் நடத்துவோருக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்னும் வசதி வழியாகத் தனியே நீக்கக் கோரிக்கை அளித்த பிறகே அவை மறைந்தன. நம் தளத்திலிருந்து எடுத்துவிட்டால் உலகத்திலிருந்தே எடுத்ததாகிவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். புகார் காவல்துறையிடம் அளிக்கப்பட்டது. அதற்குமேல் இங்கே சொல்வது அந்தப் பிள்ளைக்கு நல்லதன்று.

அடுத்த செயற்குழுவில் இதை மறைக்காமல் சொன்னேன். உறுப்பினர்கள் ஒருவர் தளத்தை மற்றவர் பார்த்துக் குறைகளைச் சொல்வது என்று அன்றே முடிவாயிற்று. அந்த ஆய்வில் கண்டவற்றுள் இரண்டை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதலாவது, டியூஷன் சென்டர் ஒன்றின் மாதத் தேர்வு முடிவுப் பக்கம். பக்கத்தின் முகவரி 41 என்ற எண்ணில் முடிந்தது. பெருந்துறை உறுப்பினர் அதை அழித்து 42 என்று அடித்து எண்டர் தட்டினார். அடுத்த பிள்ளையின் புகைப்படம், மதிப்பெண், வீட்டு முகவரி, தாயின் கைப்பேசி எண் எல்லாம் திரையில் வந்து நின்றன. கடவுச்சொல் எதையும் தளம் கேட்கவில்லை. தேடுபொறிகள் உள்ளே வராமலிருக்க ‘ரோபோட்ஸ்’ கோப்பில் எழுதி வைத்திருப்பதாகத் தளத்தை அமைத்தவர் விளக்கினார். அந்தக் கோப்பு தேடுபொறிகளிடம் வைக்கும் வேண்டுகோள் மட்டுமே. அதைப் பூட்டு என்று கொள்ள முடியாது. யாரும் திறந்து படிக்கக்கூடிய கோப்பு என்பதால், எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது என்று அந்நியருக்கு அடையாளம் காட்டிக் கொடுப்பதும் அதுவாகவே ஆகிவிடலாம். உள்நுழைந்திருப்பவர் இந்தப் பிள்ளையின் பெற்றோர்தானா என்று ஒவ்வொரு முறையும் சர்வரே சரிபார்ப்பதுதான் உண்மையான பூட்டு. அந்தப் பக்கம் இப்போது அப்படி மாற்றப்பட்டுள்ளது.

இரண்டாவது, படக்கோப்புக்குள் மறைந்திருக்கும் இடக்குறிப்பு. கைப்பேசியில் இட வசதி இயங்கும்போது எடுக்கும் படத்தில், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எக்ஸிஃப் என்னும் குறிப்பாகப் பதிந்துவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே வந்து சேரும். தெளிவு குறையாமலிருக்க “டாக்குமெண்டா அனுப்புங்க” என்று பெற்றோரிடம் கேட்பவர்கள் நாம்தான். பிறந்தநாள் வாழ்த்துப் பகுதிக்கு வந்த ஒரு குழந்தையின் படத்தைத் திறந்து அந்த எண்களை வரைபடத்தில் இட்டபோது, குறி நேராக ஒரு தோட்டத்து வீட்டின் களத்தில் போய் நின்றது. பதிவேற்றும் படம் எதுவாயினும் இந்தக் குறிப்பைச் சர்வரே நீக்கிவிடும்படி செய்வது கடினமான வேலையன்று. நம் உறுப்பினர்களில் பலர் செய்துவிட்டனர். செய்யாதவர்களுக்கு உதவ இருவர் முன்வந்துள்ளனர்.

ஆண்டு முழுவதும் அதிகமாக விவாதிக்கப்பட்டது போட்டோ ஸ்டுடியோ உறுப்பினர்களின் தளங்கள் பற்றியே. வள்ளி கும்மி அரங்கேற்றத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நிறப் புடவையில் ஆடும் காட்சியை உலகம் பார்க்கட்டும். அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஒரு பிள்ளையை மட்டும் நெருக்கத்தில் எடுத்து, பெயரையும் ஊரையும் சேர்த்து வெளியிடுவதில்தான் சிக்கல் இருக்கிறது. திரட்டிச் சீர் ஆல்பங்களோ முற்றிலும் வேறு. ஒரு பெண் குழந்தை பூப்பெய்தியதை, அவளது முகம், பெயர், தேதியுடன், என்றைக்கும் அழியாதபடி பொதுவெளியில் நிறுத்துகிறோம். பத்தாண்டு கழித்து அவள் பெயரைத் தேடுகிறவருக்கும் அது கிடைக்கும். அவளிடம் எவரும் கேட்கவில்லை. கேட்டாலும் அந்த வயதில் அவளால் மறுத்துச் சொல்ல முடியாது. மாதிரிப் படம் காட்டாமல் அடுத்த வேலை எப்படிக் கிடைக்கும் என்று ஸ்டுடியோ நடத்தும் உறுப்பினர் ஒருவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. அவருடைய பிழைப்பு அது. நீண்ட பேச்சுக்குப் பிறகு, மேடை அலங்காரம், சீர்த்தட்டுகள், தாய்மாமன் சீர் கொண்டுவரும் காட்சி ஆகியவற்றைப் பெண்ணின் முகம் தெரியாமல் மாதிரியாக வைப்பது என்றும், ஆல்பத்தைக் குடும்பத்தாருக்கு மட்டும் கடவுச்சொல்லுடன் தந்து, அவர்கள் பெற்றுக்கொண்டதும் தளத்திலிருந்து நீக்குவது என்றும் அவரே வழி சொன்னார். அதை முதலில் நடைமுறைப்படுத்தியவரும் அவரே. அவருக்கு இந்தப் பொதுக்குழுவின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சட்டநிலையும் இவ்வாண்டில் நம்மைத் தொட்டது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களது விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களது நடத்தையைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்றும் அதன் 9ஆம் பிரிவு கூறுகிறது. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க இடமுண்டு. இதற்கான வரைவு விதிகள் 2025 சனவரியில் கருத்துக் கேட்புக்கு வெளியிடப்பட்டன. விதிகள் நடைமுறைக்கு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போது சிலர் கருதினர். நான் அக்கருத்தை ஏற்கவில்லை. சேர்க்கை விண்ணப்பத்தில் ஆதார் எண், இரத்த வகை, பெற்றோரின் ஆண்டு வருமானம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, ‘இணைப்பு வைத்திருப்பவர் எவரும் பார்க்கலாம்’ என்ற நிலையில் ஒரு கூகுள் ஷீட்டில் சேர்த்து வைப்பதை நிறுத்த எந்த விதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வாங்காத விவரம் கசியாது. ஆய்வுக்குப் பிறகு ஒரு டியூஷன் சென்டர் தன் விண்ணப்பத்தைப் பெயர், வகுப்பு, பெற்றோரின் ஒரு தொடர்பு எண் என்று மூன்று கட்டங்களாகச் சுருக்கியது. சேர்க்கை வேலை எதுவும் அதனால் நின்றுவிடவில்லை.

வயதைச் சரிபார்ப்பது பற்றியும் நிறையப் பேசினோம். அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட சட்டம் 13 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்கியதால்தான் பல செயலிகள் இன்றும் 13 என்ற எல்லையை வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நம் தளங்களில் பிறந்த ஆண்டைக் கேட்டால், பிள்ளைகள் ஏதேனும் ஓர் ஆண்டைத் தட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவார்கள். அதற்காக அடையாள அட்டையைப் பதிவேற்றச் சொன்னால், காக்க இயலாத ஒரு புதையலை நாமே சேர்த்து வைத்தவர்கள் ஆவோம். பிரிட்டன் 2020இல் கொண்டுவந்த குழந்தைகளுக்கான வடிவமைப்பு நெறிமுறைதான் நம் போன்றோருக்குப் பொருந்துவதாக எனக்குப் படுகிறது. பிள்ளைகள் பயன்படுத்தக்கூடிய தளம் என்றால், இயல்புநிலையிலேயே கணக்கு பிறர் பார்வைக்கு மூடியிருக்க வேண்டும், இடக்குறிப்பு அணைந்திருக்க வேண்டும், தேவைக்கு மேல் விவரம் வாங்கக் கூடாது என்கிறது அது. வந்திருப்பவரின் வயதைத் துல்லியமாக அறியாமலே இவற்றைச் செய்துவிட முடியும்.

விளம்பரங்கள் பற்றி ஒரு செய்தி. காங்கேயம் உறுப்பினர் நடத்தும் குழந்தைப் பாடல் தளத்தில் காக்கைப் பாட்டுக்குப் பக்கத்திலேயே பணம் கட்டி ஆடும் ரம்மி விளம்பரம் வந்துகொண்டிருந்தது. அதை வரவழைத்தவர் அவரல்லர். விளம்பர வலையமைப்பு தானாகக் காட்டியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் 18 வயதுக்கு உட்பட்டோரைச் சேர்க்கக் கூடாது என்று தமிழக அரசு 2025 பிப்ரவரியில் ஒழுங்குமுறை கொண்டுவந்திருந்த நிலையில், நாம் அவற்றைப் பாலர் பாட்டுக்கு அருகே காட்டியது பொருந்தாது. அவ்வகை விளம்பரங்களைத் தடுக்கும் வசதியும், தளம் குழந்தைகளுக்கானது என்று அறிவிக்கும் வசதியும் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் உள்ளன. இரண்டையும் இயக்கியதும் அவரது மாத வருவாய் குறைந்தது. தெரிந்தே அந்த இழப்பை அவர் ஏற்றுக்கொண்டார்.

பிறர் பதிவேற்ற இடம் தரும் தளங்கள் நடத்துவோருக்கு மிக முக்கியமான ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழந்தையைப் பாலியல் நோக்கில் காட்டும் படமோ காணொளியோ உங்கள் தளத்தில் ஏறிவிட்டால், அதை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டு “என்ன செய்வது” என்று கேட்காதீர்கள். அப்படி அனுப்புவதே குற்றமாகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு முதல் குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறையும் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வைத்திருப்பதும்கூட, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவில் குற்றமாகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 தீர்ப்பில் விரிவாக எடுத்துரைத்தது. அதைக் குழந்தை ஆபாசப்படம் என்று சொல்லாமல், குழந்தையைச் சுரண்டிய துன்புறுத்தலின் பதிவு என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. நம் சங்கக் குறிப்புகளிலும் அவ்வாறே எழுதத் தொடங்கியுள்ளோம். செய்ய வேண்டியது இதுதான்: பொதுப்பார்வையிலிருந்து உடனே மறைத்து, பக்க முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, பதிவேற்றியவர் பற்றிய சர்வர் பதிவுகளை அழிக்காமல் வைத்து, காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் குறிப்பிடாமலும் இதைத் தெரிவிக்கலாம். ஆபத்தில் இருக்கும் குழந்தையைப் பற்றித் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்க வேண்டும். தெரிந்தும் சொல்லாமலிருப்பது போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியது.

ஊர்ச் செய்தித் தளங்கள் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவையும் மனத்தில் கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர் மட்டுமல்லாமல், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை அது தடுக்கிறது. நூறு வீடுகள் உள்ள ஓர் ஊரின் பெயரைச் சொல்லி எட்டாம் வகுப்பு மாணவி என்று எழுதினால், பெயரை மறைத்ததற்குப் பொருளே இல்லை.

புகார் வந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதையும் இவ்வாண்டில்தான் உணர்ந்தோம். என் கடைக்கு வந்த தாய், அதற்கு முன் தளத்திலிருந்த தொடர்புப் படிவத்தில் இருமுறை எழுதியிருக்கிறார். அந்தப் படிவம் நான் பார்க்காத ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொறுப்பாளரின் பெயரும் கைப்பேசி எண்ணும் உள்ளன. குழந்தையின் படத்தை எடுக்கக் கோரும் பெற்றோரிடம் காரணம் கேட்பதில்லை. முதலில் எடுத்துவிட்டு, பிறகு பேசுகிறோம்.

நிறைவேறாதவையும் உண்டு. பள்ளிகளின் பழைய ஆண்டுவிழாப் படங்கள் ஆயிரக்கணக்கில் நம் சர்வர்களில் கிடக்கின்றன. தளத்தை அமைத்துக் கொடுத்தவர் விலகிப்போனதால், கடவுச்சொல் கிடைக்காமல் யாரும் தொட முடியாத தளங்களும் சில இருக்கின்றன. ஆய்வுக்குத் தங்கள் தளத்தைத் தர இன்னும் முன்வராத உறுப்பினர்களும் உள்ளனர். அவர்களை நேரில் சந்திக்கச் செயற்குழு எண்ணியுள்ளது.

பிள்ளைகளின் படத்தோடு முழுப்பெயர், பள்ளி, பயிற்சி நேரம் ஆகியவற்றைச் சேர்த்து வெளியிடுவதில்லை என்ற தீர்மானம் இப்பொதுக்குழுவின் முன் வைக்கப்பட்டுள்ளது. அதை முன்மொழிபவன் நான். வழிமொழிவதற்கு அந்தத் தாயையே சிறப்பு அழைப்பாளராக அழைக்கலாமா என்று எண்ணினேன். அவரை இங்கு வரவழைத்தால் அந்தப் பிள்ளை யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பதால் அழைக்கவில்லை. உறுப்பினர்களுள் ஒருவர் வழிமொழியுமாறு கேட்டு, இவ்வறிக்கையை ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
கோபிசெட்டிபாளையம்